எல்லைச் சாவடியும் ஓட்டுநரின் மூச்சும்: ஓசூர்–கிருஷ்ணகிரிப் பகுதியில் மதுச் சோதனையின் வரலாறும் பயனும்

குடித்துவிட்டு வாகனம் ஓட்டுவதைக் காவல்துறையின் சாலைச் சோதனைகள் தடுக்கின்றனவா என்ற கேள்விக்குப் பிடிபட்டவர்களின் எண்ணிக்கையை மட்டும் வைத்து விடை காண முடியாது. சோதனை எதைத் தேடுவதற்காக ஏற்பட்டது, எங்கே நடக்கிறது, எத்தனை நாள் ஒரே இடத்தில் நடக்கிறது என்பனவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டின் மதுவிலக்கு முதன்முதலில் நடைமுறைக்கு வந்த நிலப்பரப்பாகவும், மாநில எல்லையாகவும், தொழிற்பேட்டையாகவும் ஒருங்கே விளங்கும் ஓசூர்–கிருஷ்ணகிரிப் பகுதி இதற்குத் தக்க களமாகும். இப்பகுதியின் சோதனைச்சாவடிகள் சரக்கைப் பிடிப்பதற்காகத் தோன்றியவை என்பதையும், போதையில் வண்டி ஓட்டுபவரைத் தடுப்பதற்கு வேறு வகைச் சோதனை தேவை என்பதையும் இக்கட்டுரை வரலாற்று வழியில் நிறுவ முற்படுகிறது.

1. மதுவிலக்கும் எல்லையும்

ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்த ராஜாஜி, சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்தபோது, 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தை அவ்வாண்டு அக்டோபர் 1 அன்று முதலில் சேலம் மாவட்டத்தில் நடைமுறைப்படுத்தினார். ஓசூரும் கிருஷ்ணகிரியும் அன்று சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த வட்டங்களாக இருந்தமையாலும், எல்லைக்கு அப்பால் இருந்த மைசூர்ச் சமஸ்தானத்தில் அத்தகைய தடை இல்லாமையாலும், அதுவரை ஆட்சி எல்லையாக மட்டும் இருந்த கோடு, மது கிடைக்கும் நிலத்தையும் கிடைக்காத நிலத்தையும் பிரிக்கும் கோடாக மாறியது. கள்ளும் சாராயமும் உள்ளே வராமல் பார்த்துக்கொள்வதே அன்றைய காவலின் நோக்கம். வண்டியில் என்ன இருக்கிறது என்று பார்த்தார்களேயன்றி, வண்டியை ஓட்டிவருபவரின் நிலை தனிக் கவனம் பெறவில்லை.

மதுவிலக்கால் ஏற்பட்ட ஆயத்தீர்வை இழப்பை ஈடுகட்ட 1939-இல் சென்னை மாகாணம் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தது. இந்தியாவில் இவ்வகை வரிக்கு அதுவே முன்னோடி. பிற்காலத்தில் எல்லைகளில் அமைந்த வணிகவரிச் சாவடிகள் இவ்வரியைக் காப்பதற்காக எழுந்தவை என்பதால், மதுவைத் தேடிய சாவடியும் வரியைத் தேடிய சாவடியும் ஒரே கொள்கையின் இரு விளைவுகள் எனலாம். இரண்டும் ஓரிடத்தில் நிலையாக நின்று சரக்கைச் சோதிப்பவை. ஓசூரை ஒட்டிய ஜூஜூவாடியில் கர்நாடகத்தின் அத்திப்பள்ளிக்கு எதிரே அமைந்த எல்லைச் சாவடி இம்மரபின் தொடர்ச்சியே. சரக்கு–சேவை வரி நடைமுறைக்கு வந்த 2017 ஜூலை 1 அன்று வணிகவரிச் சாவடிகள் எடுக்கப்பட்டபோதும், கடத்தலைத் தேடும் சோதனை ஓயவில்லை. கர்நாடக மதுப் பாக்கெட்டுகளும் குட்காவும் உள்ளே வருவதையும், ரேஷன் அரிசி வெளியே போவதையும் தடுப்பதே இன்றும் எல்லைக் காவலின் முதற்பணியாக உள்ளது.

2. நடத்தையிலிருந்து அளவுக்கு

விற்பனை வரி வந்த அதே 1939-இல் இயற்றப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், குடியால் வண்டியைக் கட்டுப்படுத்த இயலாத நிலையில் ஓட்டுவதைக் குற்றமாக்கியது. ஆனால் அந்நிலையை எப்படி மெய்ப்பிப்பது என்பதில் சிக்கல் இருந்தது. வாய் நாற்றம், தள்ளாட்டம், குழறும் பேச்சு ஆகியவற்றைச் சொல்லும் சாட்சியத்தை நம்பியே வழக்கு நடத்த வேண்டியிருந்தது. இரத்தத்திலுள்ள மதுவின் அளவையே குற்றத்தின் அளவுகோலாகக் கொள்ளும் முறையை நார்வே 1936-இல் சட்டமாக்கியிருந்தது. அமெரிக்கக் காவல் அதிகாரியான ராபர்ட் போர்கன்ஸ்டைன் 1954-இல் உருவாக்கிய மூச்சுச் சோதனைக் கருவி அவ்வளவீட்டைச் சாலையோரத்துக்குக் கொண்டுவந்தது.

இந்தியாவில் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவு, 1994-இல் திருத்தப்பட்ட வடிவில், 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் மது இருப்பதைக் குற்றம் என வரையறுக்கிறது. குடித்த மதுவின் ஒரு பகுதி இரத்தத்திலிருந்து நுரையீரல் வழியே மூச்சில் கலப்பதால், ஓட்டுநர் ஊதும் காற்றிலுள்ள அளவை ஏறத்தாழ 2,100 மடங்காகப் பெருக்கி இரத்த அளவைக் கருவி கணிக்கிறது. ஒவ்வொருவருக்கும் புதிய ஊதுகுழல் பொருத்துவதும், சற்று முன் குடித்த மது வாயில் தங்கியிருந்தால் கணக்கு கூடிவிடும் என்பதால் சில நிமிடங்கள் காத்திருப்பதும் இச்சோதனையின் அடிப்படை நெறிகள். முதல் குற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்றிருந்த தண்டனையில், அபராதம் 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 10,000 ரூபாயாக உயர்ந்தது.

இச்சட்டத்தின் 203-ஆம் பிரிவு தனிக் கவனத்துக்குரியது. ஓட்டுநர் குடித்திருக்கிறார் என்று ஐயுற நியாயமான காரணம் இருந்தால்தான் சீருடையிலுள்ள அலுவலர் அவரை ஊதச் சொல்லலாம் என்று அப்பிரிவு கூறுகிறது. வரும் வண்டி எதையும் நிறுத்தி, ஐயம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஊதவைக்கும் அதிகாரம் இதில் வெளிப்படையாக வழங்கப்படவில்லை. ஆதலால் வாடையோ தடுமாற்றமோ வெளியே தெரியாமல் சமாளிக்கும் ஓட்டுநர், சோதனை நடக்கும் இடத்தைக் கடந்தும் பிடிபடாமல் போகக்கூடும்.

3. சாலையை நோக்கி வந்த மது

சாலைச் சோதனையின் தேவை பெருகியதற்கு மதுக்கொள்கையின் மாற்றங்களும் தொழில் வளர்ச்சியும் காரணமாயின. 1971-இல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டு, 1974-இல் மீண்டும் நடைமுறைக்கு வந்து, 1981-இல் மறுபடி விலக்கப்பட்டது. 1983-இல் தோன்றிய டாஸ்மாக் நிறுவனம் 2003 நவம்பரில் சில்லறை விற்பனையையும் ஏற்றது. இதே காலத்தில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்து, அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் ஆலைகளும் அவற்றுக்கு உதிரிபாகம் செய்யும் பட்டறைகளும் பெருகியதால், ஷிப்டு முடிந்து இரவில் இருசக்கர வாகனத்தில் திரும்பும் தொழிலாளர் கூட்டம் உருவாயிற்று. சென்னையிலிருந்தும் சேலத்திலிருந்தும் பெங்களூரு செல்லும் போக்குவரத்து கிருஷ்ணகிரியில் ஒன்றுசேர்வதால், அங்கிருந்து சூளகிரி வழியாக ஓசூர் வரையிலான ஏறத்தாழ 50 கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் கனரக லாரியும் இருசக்கர வாகனமும் ஒரே தடத்தில் ஓடுகின்றன.

நெடுஞ்சாலை ஓரத்து மதுக்கடைகளைப் பற்றித் தமிழ்நாடு அரசு எதிர் கே. பாலு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பர் 15 அன்று அளித்த தீர்ப்பு, தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் கடைகள் கூடாது என்றது. 2017 ஏப்ரலில் தமிழகத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன. எனினும் 20,000 பேருக்கு மேற்படாத உள்ளாட்சிப் பகுதிகளில் இத்தூரம் 220 மீட்டராகக் குறைக்கப்பட்டதும், நகராட்சி எல்லைக்குள் இத்தடை பொருந்தாது என்று 2017 ஜூலையில் விளக்கப்பட்டதும் தீர்ப்பின் வீச்சைச் சுருக்கின. மேலும், எல்லைப் பகுதியில் ஒரு மாநிலத்தின் கடை மூடப்பட்டாலும் சில கிலோமீட்டர் தொலைவில் மற்ற மாநிலத்தின் கடை இருப்பதால், குடிப்பதற்காகவே வண்டி ஓட்டிச் சென்று, குடித்தபின் அதே வண்டியில் திரும்புவதற்கான வாய்ப்பு இங்கே மாநிலத்தின் உட்பகுதி ஊர்களைவிடக் கூடுதல்.

4. பிற நாடுகளும் ராஜஸ்தானும் தரும் சான்று

பிரிட்டன் 1967 அக்டோபரில் மூச்சுச் சோதனையைத் தொடங்கியதும் இரவு நேர விபத்துகள் வெகுவாகக் குறைந்தன; ஆனால் சில ஆண்டுகளில் அப்பயன் தேய்ந்தது. இதை ஆராய்ந்த சமூகவியலாளர் எச். லாரன்ஸ் ராஸ், தாம் சோதிக்கப்படும் வாய்ப்பு உண்மையில் மிகக் குறைவு என்பதை ஓட்டுநர்கள் அனுபவத்தில் கண்டுகொண்டதே காரணம் என்று காட்டினார். 1982 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் ஐயம் ஏதுமின்றி எவரையும் நிறுத்திச் சோதிக்கும் முறையைப் பரவலான விளம்பரத்துடன் தொடங்கி, இடைவிடாமல் நடத்தியது. அங்கே உயிரிழப்பு விபத்துகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்து, அக்குறைவு நிலைத்தது. தண்டனையின் கடுமையைக் காட்டிலும் பிடிபடுவோம் என்ற அச்சத்தின் உறுதியே ஓட்டுநரின் நடத்தையை மாற்றுகிறது என்பது இவ்விரண்டையும் ஒப்பிடும்போது தெளிவாகிறது.

இந்தியச் சூழலுக்கு நெருக்கமான சான்று ராஜஸ்தானிலிருந்து வருகிறது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்ளோ, டேனியல் கெனிஸ்டன், நீனா சிங் ஆகியோர் அம்மாநிலக் காவல்துறையுடன் இணைந்து நடத்திய ஆய்வில், சில காவல் நிலையப் பகுதிகளில் சோதனை ஒரே இடத்தில் நிலையாகவும், சிலவற்றில் இடம் மாற்றி மாற்றியும் நடந்தது. இடம் மாறிய சோதனை இரவு விபத்துகளை 17 விழுக்காடும், இரவு உயிரிழப்புகளை 25 விழுக்காடும் குறைத்தது. நிலையான சோதனையால் குறிப்பிடத்தக்க பயன் விளையவில்லை. நிலையான சாவடி எங்கே இருக்கிறது என்று ஊரார் விரைவில் அறிந்து வேறு வழியில் போனதே இவ்வேறுபாட்டுக்கு அடிப்படை.

5. ஓசூர்ச் சாலைகளில் இதன் பொருள்

ஜூஜூவாடியை ஒட்டிய நெடுஞ்சாலையில் எவ்வளவு கடுமையாகச் சோதித்தாலும், சர்ஜாபூரிலிருந்து பாகலூர் வழியாகவும், ஆனேக்கல்லிலிருந்து தளி வழியாகவும், மாலூர்ப் பக்கத்திலிருந்து பேரிகை வழியாகவும் ஓசூருக்கு வரும் சாலைகள் திறந்தே இருக்கின்றன. இவை குறுகியவை, வெளிச்சம் குறைந்தவை. ஆதலால் நெடுஞ்சாலைச் சோதனைக்கு அஞ்சி விலகும் ஓட்டுநர் இன்னும் ஆபத்தான பாதைக்குத் தள்ளப்படவும் கூடும். கடத்தல் சரக்கைத் தேடுவோருக்கு எல்லைக்கோட்டில் நிற்பது பொருளுடையது. ஏனெனில் எல்லையைத் தாண்டுவதே அங்குக் குற்றம். போதையில் ஓட்டும் குற்றமோ கடையிலிருந்து வீடுவரை வழியெங்கும் நிகழ்கிறது.

பயனை அளப்பதிலும் ஒரு தடை உண்டு. 2022-இல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகளும் 17,884 உயிரிழப்புகளும் நிகழ்ந்தன. விபத்து எண்ணிக்கையில் தமிழகமே நாட்டில் முதலிடம். அவ்வாண்டு நாடு முழுவதும் நேர்ந்த சாலை உயிரிழப்புகளில் குடியும் போதைப்பொருளும் காரணமாகப் பதிவானவை 2.5 விழுக்காடு மட்டுமே. விசாரணை அதிகாரி ஒவ்வொரு விபத்துக்கும் ஒரு காரணத்தைப் பதிவதாலும், அது பெரும்பாலும் அதிவேகம் என்றே அமைவதாலும், குடியின் பங்கு இதில் குறைந்து காட்டப்படுகிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் மருத்துவமனை சார்ந்த ஆய்வுகள் இதைவிடப் பன்மடங்கு உயர்ந்த விகிதத்தைக் காட்டியுள்ளன. போடப்பட்ட வழக்குகளின் எண்ணிக்கையும் நம்பத்தக்க அளவுகோலன்று. ஊதவைக்கும் ஓட்டுநர் கூடினாலே வழக்கும் கூடிவிடும்.

முடிவு

சாலைச் சோதனை குடித்துவிட்டு ஓட்டுவதைத் தடுக்க வல்லது என்பதற்குச் சான்று உண்டு. ஆனால் அது எங்கே, எப்போது நடக்கும் என்று முன்கூட்டிக் கணிக்க முடியாததாகவும், தொடர்ந்து நடப்பதாகவும் இருந்தால்தான் அவ்வாற்றல் நிலைக்கும். 1937 முதல் இப்பகுதி பெற்றுவந்த நிலையான சாவடி மரபு சரக்கைப் பிடிப்பதற்கு உகந்தது. ஓட்டுநரை அஞ்சவைப்பதற்கு உகந்ததன்று. ஆகவே பாகலூர், தளி, பேரிகைச் சாலைகளிலும் நெடுஞ்சாலையிலும் சுழற்சி முறையில் இடம் மாறும் தனிக்குழுக்களை அமைத்தல், ஓசூரிலும் அத்திப்பள்ளியிலும் இரு மாநிலக் காவல்துறையும் ஒரே இரவில் சோதித்தல், ஐயமின்றியும் சோதிக்கும் அதிகாரத்தை 203-ஆம் பிரிவில் தெளிவாகச் சேர்த்தல், விபத்தில் சிக்கும் ஓட்டுநர் ஒவ்வொருவரின் இரத்தத்தையும் சோதித்தல் ஆகியவை ஒருசேர நடைபெற வேண்டும். அத்திட்டத்தின் வெற்றியை வழக்குப் பதிவேட்டைக் கொண்டு அளக்காமல், கிருஷ்ணகிரி மாவட்டத்தின் இரவு நேர விபத்து உயிரிழப்புகள் ஆண்டுதோறும் எவ்வளவு குறைகின்றன என்பதைக் கொண்டே அளத்தல் வேண்டும்.