வலிப்பு மருந்து வலி மருந்தான வரலாறு

முகத்தின் தொடுஉணர்வை மூளைக்குக் கொண்டுசெல்லும் முக்கிளை நரம்பில் எழும் வலி, மின்சாரம் பாய்ந்தாற்போல் சில விநாடிகள் வெட்டி இழுத்து ஓய்ந்து, பல் துலக்கும்போதோ முகத்தில் காற்றுப் படும்போதோ மீண்டும் தாக்கும் இயல்புடையது. பிரான்சில் நிக்கோலா ஆந்த்ரே 1756இலும், இங்கிலாந்தில் ஜான் ஃபாதர்கில் 1773இலும் இதைத் தனி நோயாக விவரித்தனர். ஆயினும் அதைத் தணிக்கும் வழி நெடுங்காலம் புலப்படாமையால், நரம்பை அறுப்பது, எரிசாராயத்தை ஊசியால் செலுத்தி அதைச் செயலிழக்கச் செய்வது, மண்டையோட்டைத் திறந்து அதன் முடிச்சையே அகற்றுவது என்ற கொடிய முறைகள் 20ஆம் நூற்றாண்டிலும் தொடர்ந்தன. வலி நீங்க வேண்டுமானால் முகத்தின் ஒரு பாதி மரத்துப்போவதை நோயாளி ஏற்க வேண்டியிருந்தது.

பாரிஸ் மருத்துவர் ஆர்மன் த்ரூசோ, இவ்வலி திடீரெனத் தோன்றித் திடீரென அடங்குவதைக் கண்டு, 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அதைக் கால்-கை வலிப்போடு ஒப்பிட்டு, வலிப்பை ஒத்த நரம்பு வலி என வகைப்படுத்தினார். வெளித்தோற்றத்தை மட்டுமே சான்றாகக் கொண்ட அவ்வூகத்தைச் சோதிக்கத் தக்க மருந்து அவர் காலத்தில் இல்லை. ஃபெனிட்டாயின் என்னும் மருந்து நோயாளியை உறக்கத்தில் ஆழ்த்தாமலே வலிப்பைத் தடுப்பதை அமெரிக்காவில் ஹூஸ்டன் மெரிட்டும் டிரேசி பட்னமும் 1938இல் வெளியிட்ட பின், 1942இல் பிரான்சின் மோரிஸ் பெர்குயீஞான் அதை முக்கிளை நரம்பு வலிக்குக் கொடுத்துப் பலன் கண்டார்.

எனினும் திருப்புமுனையாக அமைந்தது, சுவிட்சர்லாந்தின் பாசல் நகரிலிருந்த கைகி நிறுவனத்தில் வால்டர் ஷிண்ட்லர் 1953இல் உருவாக்கிய கார்பமசெபின் ஆகும். சுவீடனைச் சேர்ந்த சிக்ஃபிரிட் ப்ளோம் 1962இல் அது முக்கிளை நரம்பு வலியைத் தணிப்பதை அறிவித்தார். அமெரிக்க அரசு அம்மருந்துக்கு 1968இல் முதலில் அனுமதி தந்தது இவ்வலிக்கே. அது எதற்காகச் சோதிக்கப்பட்டதோ அந்த வலிப்பு நோய்க்கு 1974 வரை அங்கே காத்திருக்க நேர்ந்தது. நரம்பிழையின் சவ்வில் சோடியம் அயனிகள் நுழையும் வாயில்களைத் தடுத்து, மட்டுமீறி அடுத்தடுத்து எழும் மின்துடிப்புகளை இம்மருந்து அடக்குகிறது. இயல்பான துடிப்புகளை அது அவ்வளவாகத் தொடுவதில்லை. த்ரூசோவின் ஒப்புமை இவ்வளவில் பொருந்துகிறதே தவிர, இவ்வலி வலிப்பு நோயன்று. பெரும்பாலும் ஓர் இரத்தக்குழாய் நரம்பின் வேரை அழுத்துவதே அதன் காரணம் என்று பின்னர் அறியப்பட்டது. தவறான இனத்தில் வைத்துச் சரியான மருந்தை அடைந்த நிகழ்வாகவே இதைக் கொள்ள வேண்டும்.

1993இல் வலிப்புக்காக அமெரிக்காவில் அனுமதி பெற்ற கேபபென்டின் இதே பாதையில் சென்றது. நீரிழிவால் பழுதுற்ற நரம்புகளின் வலியையும், அக்கி ஆறிய பின்னும் நீடிக்கும் வலியையும் அது தணிப்பதை 1998இல் வெளியான ஆய்வுகள் காட்டின. பின்னதற்கு 2002இல் அனுமதியும் கிடைத்தது. சோடியம் வாயில்களை விட்டு, கால்சியம் வாயில்களின் ஓர் உறுப்பைப் பற்றிக்கொண்டு செயற்படுவதால் இது வேறு வகை மருந்தாகும். அனுமதி பெறாத பயன்களுக்கும் அதைப் பரப்பிய வழக்கில், வார்னர்-லாம்பெர்ட் நிறுவனம் 2004இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 43 கோடி டாலர் செலுத்த இசைந்தது. மெய்யான பயனோடு மிகையான விற்பனையும் கலந்திருந்தமையை இவ்வழக்கு வெளிக்கொணர்ந்தது.

கார்பமசெபினுக்கும் குறைகள் உண்டு. மயக்கமும் இரத்தத்தில் சோடியக் குறைவும் ஏற்படலாம். ஆசிய மக்கள் சிலரிடம் காணப்படும் ஒரு மரபணு வேறுபாடு உயிருக்கு ஆபத்தான தோல் உரிவைத் தூண்டக்கூடும் என்பதால், 2007 முதல் அமெரிக்காவில் அவர்களுக்கு முன்சோதனை பரிந்துரைக்கப்படுகிறது. இவ்வளவிற்குப் பின்னும், முக்கிளை நரம்பு வலிக்கு மருத்துவர்கள் முதலில் எழுதித் தரும் மருந்தாகக் கார்பமசெபினும் அதன் நெருங்கிய உறவான ஆக்ஸ்கார்பசெபினுமே இருந்து வருகின்றன.