தாய்வீடும் லயக் காம்பராவும்: மலையகப் பெண்களின் பேறுகால இடத்தெரிவு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஒரு சமூகம் தன் பெண்களை எங்கே பிள்ளை பெற வைக்கின்றது என்பது அச்சமூகத்தின் உறவுமுறை, தொழில்முறை, ஆட்சிமுறை ஆகிய மூன்றையும் ஒருங்கே காட்டும் வினாவாகும். தமிழரிடையே இவ்வினாவுக்கு மரபு தந்த விடை தெளிவானது. தலைப்பிரசவம் தாய்வீட்டில் நிகழ வேண்டும் என்பதே அது. மணமாகிப் புதிய ஊருக்குச் சென்ற பெண், தன் வாழ்வின் மிக ஆபத்தான நாட்களைத் தனக்குப் பழகிய மனிதரிடையே கழிக்க வேண்டும் என்ற பட்டறிவே இம்மரபின் அடிப்படையாகும். ஆனால் தாய்வீடு கடலுக்கு அப்பாலிருக்க, கணவனும் கூலியும் மலைமீதிருந்த ஒரு சமூகம் இம்மரபை எவ்வாறு கைக்கொண்டிருக்க முடியும்? உடப்புசல்லாவையை மையமாகக் கொண்டு மலையகத் தமிழரின் வரலாற்றில் இவ்வினா பெற்ற விடைகளையும், அவ்விடைகள் பிற்காலத்தில் அவர்களின் பிரஜாவுரிமையைப் பாதித்தவாற்றையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நுவரெலியாவுக்குக் கிழக்கே, இராகலையைத் தாண்டி, ஊவாவை நோக்கிச் சரியும் மலைத்தொடரில் அமைந்தது உடப்புசல்லாவை. இலங்கைத் தேயிலை வகைப்படுத்தப்படும் ஏழு பிரதேசங்களுள் ஒன்றாக இன்றும் இது தனிப்பெயர் பெற்று விளங்குகின்றது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை சென்ற ஒடுங்கிய இரயில்பாதை உடப்புசல்லாவைப் பாதை என்றே அழைக்கப்பட்டது. 1903, 1904ஆம் ஆண்டுகளில் திறக்கப்பட்ட அப்பாதை 1940களில் கைவிடப்பட்டது. ஆயினும் அப்பெயரைத் தாங்கிய பாதைகூட உடப்புசல்லாவையை எட்டியதில்லை. இறுதி நிலையத்துக்கு அப்பால் இருந்த தோட்டங்களுக்கு மலைச்சாலையும் ஒற்றையடிப்பாதையுமே வழியாயின. பேறுகாலத்தைப் பற்றிப் பேசும்போது இத்தூரம் முதற்கண் மனங்கொள்ளத்தக்கது.

கோப்பிக் காலத்தில் இவ்வினா பெரிதாக எழவில்லை எனலாம். 1830கள் தொடக்கம் தென்னிந்தியாவிலிருந்து வந்தோருட் பெரும்பாலோர் அறுவடைக்கால ஆண்களாவர். மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்து வந்து, பருவம் முடிந்ததும் ஊர் திரும்புவதே அவர்தம் வழக்கம். ஆண் மலையில் உழைக்க, பெண் ஊரில் பெற்றாள். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்ததும், அதனிடத்தைத் தேயிலை பிடித்ததும் இந்நிலையை அடியோடு மாற்றின. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டும். அத்தொழிலைச் செய்யப் பெண்கள் வேண்டும். ஆகவே குடும்பங்கள் மலையேறின. பிரசவமும் அவர்களோடு மலையேறியது.

முதலாந் தலைமுறைப் பெண்ணின் முன் இரண்டு வழிகளே இருந்தன. ஒன்று, ஊருக்குத் திரும்பித் தாய்வீட்டில் பெறுவது. மற்றையது, லயத்திலேயே பெறுவது. 1914இல் தலைமன்னார் வழியான இரயில், கப்பல் இணைப்பு ஏற்பட்டபின் முதலாவது வழி ஓரளவு எளிதாயிற்று. திருச்சி, மதுரை, இராமநாதபுரம் முதலிய மாவட்டங்களைச் சேர்ந்தோர் திருமணம், திருவிழா, பேறுகாலம் ஆகியவற்றை ஒட்டி ஊர் சென்று வருவது வழக்கிலிருந்தது. ஆயினும் வழி எளிதாயினமையால் மட்டும் போக முடிந்துவிடவில்லை. பயணச்செலவு கங்காணியின் முன்பணக் கணக்கிற் கடனாக ஏறியது. கடன் தீர்ந்தமைக்குச் சான்றான ‘துண்டு’ இன்றித் தொழிலாளி தோட்டத்தை விட்டு நீங்க முடியாத முறை 1921இலேயே ஒழிக்கப்பட்டது. பெண் ஊருக்குப் போனால் அவளது பேர்க்காசு நின்றது. ஆகவே தாய்வீட்டுக்குச் சென்றோர், செல்வதற்கு வசதி வாய்த்தோரே எனக் கொள்ளுதல் பொருந்தும்.

ஏனையோர் லயத்தில் பெற்றனர். பத்தடிக்குப் பன்னிரண்டடி என்ற அளவிலமைந்த ஒற்றைக் காம்பராவில், சமைக்கும் அடுப்புக்கும் குடும்பத்தார் படுக்கைக்கும் இடையே சேலைத் திரையொன்றே மறைப்பாயிற்று. ஊரிலே பரம்பரை மருத்துவச்சி செய்த பணியை லயத்தில் அனுபவம் மிக்க மூதாட்டி ஏற்றாள். இங்கே ஒரு சமூக மாற்றத்தையும் காணலாம். ஊரில் மருத்துவச்சியின் தொழில் சாதி வழி வந்தது. லயத்திலோ பல ஊர்களையும் பல சாதிகளையும் சேர்ந்தோர் ஒரே கூரையின் கீழ், ஒரே சுவரின் இருபுறமும் வாழ்ந்தனர். வலி எடுத்த வேளையில் அடுத்த காம்பராக்காரியே தாயானாள். உடப்புசல்லாவைக்குப் புதிதாக வந்த பெண்ணுக்கு எங்கே பெறுவது என்ற வினாவைக் காட்டிலும் யார் கையிற் பெறுவது என்ற வினாவே பெரிதாக இருந்தது. அதற்கு விடை சொன்னவர்கள் அவளுக்கு முன்பே அந்த லயத்துக்கு வந்து சேர்ந்திருந்த பெண்களே.

லயத்துப் பிரசவத்தைச் சட்டம் நெடுங்காலம் நோக்கவில்லை. 1872ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் தோட்ட மாவட்டங்களுக்கு வைத்திய ஏற்பாடுகளைக் கொணர்ந்தது. எனினும் பிள்ளை பெற்ற பெண்ணைப் பற்றித் தெளிவாகப் பேசியது 1912ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமேயாகும். தோட்டத்திற் பிள்ளை பெற்ற பெண்ணுக்கு ஒரு மாத காலம் போதிய உணவும் உறைவிடமும் கிடைக்கச் செய்வதும், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பராமரிப்பைக் கவனிப்பதும் தோட்டத் துரையின் கடமைகளாயின. தோட்டத்திலே நிகழும் பிறப்பையும் இறப்பையும் அறிவிக்கும் பொறுப்பும் துரைக்கே உரியதாயிற்று. இதன் உட்பொருள் ஆராயத்தக்கது. சட்டம் பிள்ளையை முதலிற் கண்டது தாயின் வழியாகவன்று. தோட்டத்தின் ஏட்டின் வழியாகவே கண்டது.

அடுத்த திருப்பம் 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தால் ஏற்பட்டது. வேலை செய்யாத பேறுகால வாரங்களுக்கும் பணம் உண்டு என்ற கொள்கையை அது நிலைநாட்டியது. ஆயினும் தோட்டங்களுக்கு ஒரு மாற்று வழியையும் அது திறந்து வைத்தது. பிரசவ அறையும் மருத்துவிச்சியும் உணவும் தோட்டமே வழங்குமாயின், பணமாகக் கொடுக்க வேண்டிய தொகை குறையும். இதனாற் பல தோட்டங்களிற் பிரசவ அறைகள் எழுந்தன. மண்தரையும் புகையும் சூழ்ந்த லயத்தைவிட அவை பாதுகாப்பானவை என்பதில் ஐயமில்லை. முழு இலங்கையிலும் 1930களில் ஓர் இலட்சம் பிறப்புகளுக்கு 2,000க்கும் மேற்பட்டிருந்த தாய்மார் இறப்பு, 1950களின் முற்பகுதியில் ஏறத்தாழ 500ஆகக் குறைந்தது. இவ்வீழ்ச்சியிற் பயிற்றப்பட்ட மருத்துவிச்சிகளின் பங்கு பெரிது. எனினும் இவ்வேற்பாடு தெரிவைச் சுருக்கவும் செய்தது. தோட்டத்து அறையிற் பெறுவோருக்கே தோட்டத்துச் சலுகை உரியது. மேலும், நன்மை பெறுவதற்கு முந்திய ஓராண்டில் அதே வேலைகொள்வோரிடம் 150 நாட்கள் வேலை செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இச்சட்டத்தின்கீழ் இருந்தது. புதிதாக வந்தவளே உதவி மிக வேண்டியவள். அவளுக்கே அது கிட்டுவது அரிதாயிற்று.

இதற்கிடையிற் தாய்வீடு என்பதன் பொருளும் மாறி வந்தது. மலையிற் பிறந்த பெண்ணுக்குத் தாய்வீடு இராமநாதபுரத்தில் இல்லை. அட்டன் பக்கத்திலோ பூண்டுலோயாவிலோ இருந்தது. உடப்புசல்லாவைத் தோட்டமொன்றுக்கு வாழ்க்கைப்பட்டவள் தலைப்பிள்ளைக்காகத் தன் தாயின் லயத்துக்குச் சென்றாள். கடல் கடந்த மரபு மலை கடந்த மரபாகச் சுருங்கி உயிர் தப்பியது. ஆனால் அவள் பேர் பதிந்திருந்தது கணவனின் தோட்டத்திலாகும். தாயின் தோட்டத்துக்குச் சென்றால் மருத்துவிச்சியும் உணவும் உரிமையாகக் கிடைக்கமாட்டா. செல்லாவிடிற் தாயின் கை கிடைக்காது. இவ்விரண்டுக்குமிடையே ஊசலாடியதே மலையகப் பெண்ணின் பேறுகாலத் தெரிவாகும்.

அரசாங்க வைத்தியசாலை மூன்றாவது வழியாக இருந்தது. கொழும்பில் டி சொய்சா பிரசவ மனை 1879லேயே திறக்கப்பட்டிருந்தது. மலையகத்திலும் மாவட்ட வைத்தியசாலைகள் அமைந்தன. எனினும் தோட்டப் பெண்ணுக்கு அவற்றை எட்டுவது அரிதாயிற்று. நடுச்சாமத்தில் வலி எடுத்தால், துரையின் அனுமதியோடு கொழுந்து லொறி கிடைத்தாலே மலைச்சாலை வழியே நுவரெலியாவை நோக்க முடியும். லொறி வரும் பாதைவரை கம்பளியிற் தூக்கிச் செல்ல நான்கு ஆட்கள் வேண்டும். சென்று சேர்ந்த இடத்திலே தன் மொழி பேசுவோர் இருப்பர் என்ற உறுதியும் இல்லை. ஆகவே பிரசவம் சிக்கலான பின்னரே வைத்தியசாலை நினைவுக்கு வந்தது. அங்கே சென்றோரிற் சிலர் திரும்பாமற் போனமை அவ்விடத்தைப் பற்றிய அச்சத்தையே வளர்த்தது.

இவ்வாறு அன்பும் தூரமும் கூலியும் தீர்மானித்த ஒரு விடயத்தை, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் முற்றிலும் வேறொரு நோக்கில் வாசித்தது. 1948 நவம்பர் 15ஆந் திகதிக்கு முன் இலங்கையிற் பிறந்த ஒருவர் வம்சாவழிப் பிரஜையாவதற்கு, அவரது தந்தை இலங்கையிற் பிறந்திருக்க வேண்டும்; அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையிற் பிறந்திருக்க வேண்டும். 1946ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி ஏறத்தாழ 780,000 ஆக இருந்த இந்தியத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் இதனால் நாடற்றோராயினர்.

இச்சட்டத்தைப் பேறுகால மரபோடு சேர்த்து நோக்கினால் அதன் கொடுமை துலங்கும். 1915இல் உடப்புசல்லாவைத் தோட்டமொன்றில் வாழ்ந்த ஒரு பெண் மரபுப்படி கப்பலேறித் தாய்வீட்டிற் தன் தலைமகனைப் பெற்று, சில மாதங்களிற் கைக்குழந்தையோடு மலை திரும்பினாள் எனக் கொள்வோம். அம்மகன் மலையிலேயே வளர்ந்து, மலையிலேயே உழைத்து, மலையிலேயே மணம் புரிந்தாலும் சட்டத்தின் முன் அவன் இந்தியாவிற் பிறந்தவன். மலையிற் பிறந்த அவனது பிள்ளைகளும் தந்தையின் பிறப்பிடத்தால் உரிமை இழந்தனர். அதே பெண் அடுத்த பிள்ளையை லயத்திற் பெற்றிருந்தால், அப்பிள்ளையின் பிள்ளைகள் உரிமை கோரலாம். ஒரு வயிற்றுப் பிள்ளைகளின் வழித்தோன்றல்கள், தாய் எங்கே பெற்றாள் என்ற ஒன்றினாலேயே இரு வேறு சட்ட நிலைகளை அடையலாயினர். தலைப்பிள்ளை தாய்வீட்டிற் பிறக்க வேண்டும் என்று வகுத்த தாய்மார், அது முப்பது ஆண்டுகளின் பின் ஓர் அரசின் சாட்சியமாகும் என்பதை எங்ஙனம் அறிவர்?

லயத்திற் பிறந்தோர் நிலையும் எளிதன்று. இலங்கையிற் பிறப்புப் பதிவு கட்டாயமாக்கப்பட்டது 1897இலாகும். 1948இல் ஐம்பத்தொரு வயதைக் கடந்த எவரும் அதற்கு முன்பே பிறந்தவராவர். அவர் எந்த லயத்தில், எந்த மூதாட்டியின் கையிற் பிறந்தார் என்பதற்கு ஏடு ஏது? பதிவு இருந்தவிடத்தும் குழந்தைக்குப் பெயரிடுமுன் எழுதப்பட்ட பதிவும், பிழைபட எழுதப்பட்ட பெயரும் சான்றாக நிற்க வலுவற்றன.

1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் பதிவின் மூலம் பிரஜாவுரிமை பெற வழி செய்தது. மணமானோர் 1946 ஜனவரி 1ஆந் திகதிக்கு முன் ஏழாண்டுகளும், ஏனையோர் பத்தாண்டுகளும் இடையறாது வதிந்திருக்க வேண்டும். ஒரே தடவையிற் பன்னிரண்டு மாதங்களுக்கு மேற்பட்டு நாட்டுக்கு வெளியே இருந்தால் வதிவு முறிந்ததாகக் கொள்ளப்பட்டது. ஊரிற் பிள்ளை பெற்று, பிள்ளை நடக்கும் வரை தாயோடு தங்கி வந்த பெண்ணின் ஓராண்டுக் காலம் இப்போது ஒரு குற்றச்சாட்டின் உருவை எடுத்தது. 1964 ஒக்டோபர் 30ஆந் திகதிச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என வகுத்து, எஞ்சிய 150,000 பேரைப் பிற்காலத்துக்கு ஒதுக்கியது. 1974இல் அவர்கள் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். இவ்வொப்பந்தம் இயற்கை அதிகரிப்பையும் கணக்கிற் சேர்த்தது. பிறக்கவிருந்த பிள்ளைகளும் பிறக்குமுன்பே பங்கிடப்பட்டனர் என்பதே இதன் பொருளாகும்.

தோட்டங்கள் 1975இல் அரசுடைமையானதும், 1992இல் முகாமைத்துவம் தனியார் கம்பனிகளுக்கு மாறியதும், தோட்டச் சுகாதாரத்திற் படிப்படியாக அரசின் பங்கு கூடியதும் பேறுகால இடத்தை மீண்டும் மாற்றின. இன்று தோட்டப் பெண்களிற் பெரும்பாலானோர் அரசாங்க வைத்தியசாலைகளிலேயே பெறுகின்றனர். பிறப்பு நிகழ்ந்த இடத்திலேயே அது பதியப்படுவதால், லயத்துப் பிள்ளையின் பிறப்பிடம் உடப்புசல்லாவை என்றோ நுவரெலியா என்றோ எழுதப்படுகின்றது. 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டமும், 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் நாடற்ற நிலையைச் சட்டத்தளவில் நீக்கின. ஆயினும் பிறப்புச் சான்றிதழுக்குப் பதிலாக உத்தேச வயதுச் சான்றிதழோடு வாழ்நாளைக் கழித்த முதியோரின் அல்லல் சட்டத்தோடு முடிந்துவிடவில்லை.

மேற்கூறியவற்றிலிருந்து ஒன்று புலனாகின்றது. மலையகப் பெண் பிள்ளை பெறும் இடத்தைத் தெரிந்தபோது அவள் நாட்டைத் தெரியவில்லை. தன்னைத் தாங்கும் கையையே தெரிந்தாள். தாயின் கை, அயல் காம்பராக்காரியின் கை, மருத்துவிச்சியின் கை என அத்தெரிவு காலத்தோடு மாறியது. ஏட்டை வைத்திருந்தோரோ அத்தெரிவை வேறு பொருளிற் படித்து, அவளது பிள்ளைகளின் உரிமைக்கு அளவுகோலாக்கினர். மலையக வரலாற்றை ஆராய்வோர் ஒப்பந்தங்களின் எண்களோடு அமையாது, அவ்வெண்களின் பின்னுள்ள பேறுகால அறைகளையும் நோக்குதல் வேண்டும். அந்நாளைய மருத்துவச்சியரின் கையிற் பிறந்த முதியோர் சிலர் இன்றும் உடப்புசல்லாவை லயங்களில் வாழ்கின்றனர். அவர்கள் நினைவு மறையுமுன் அதனை எழுதிவைத்தல் மலையக ஆய்வாளரின் உடனடிக் கடமையாகும்.