காசநோயும் வீட்டில் நிலவும் உணவுப் பற்றாக்குறையும்

காசநோய்க் கிருமி உடலினுள் புகுந்த அனைவருக்கும் நோய் உண்டாவதில்லை. எதிர்ப்பாற்றல் குன்றிய உடலிலேயே பெரும்பாலும் அது தலைதூக்குகிறது. இந்தியாவில் எதிர்ப்பாற்றல் குன்றுவதற்குரிய முதன்மைக் காரணங்களுள் ஒன்று போதிய உணவின்மை. நோய் வந்தபின் உடல் மேலும் மெலிகிறது. வேலைக்குச் செல்ல இயலாமல் கூலியும் நின்றுபோகிறது. எனவே, வீட்டில் உணவு போதவில்லை என்பதை மறைக்க வேண்டாம். இருமலையும் காய்ச்சலையும் போலவே அதுவும் மருத்துவருக்குத் தெரிய வேண்டிய தகவலாகும்.

ஜார்க்கண்ட் மாநிலத்தில் நடத்தப்பட்டு 2023ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்றில், நோயாளிகளுக்கு மட்டுமன்றி அவர்களுடன் வசிப்போருக்கும் உணவுப் பொருள்கள் வழங்கப்பட்டன. உடன் வசிப்போருக்குக் கிடைத்தவை அரிசி, பருப்பு, நுண்சத்து மாத்திரைகள் ஆகியவையே. அக்குடும்பங்களில் புதிதாகக் காசநோய் உண்டாவது ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது. சிகிச்சையின் முதல் இரண்டு மாதங்களில் எடை 5 விழுக்காடு கூடிய நோயாளிகளிடையே இறப்பும் வெகுவாகக் குறைந்திருந்தது. 40 கிலோ எடையுள்ள ஒருவருக்கு இது 2 கிலோ மட்டுமே. மாதந்தோறும் எடை பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். எடை கூடாவிடில் அடுத்த வருகை வரை காத்திருக்க வேண்டாம்.

சில வாரங்களில் மருந்து வேலை செய்யத் தொடங்கியதும் பசி மிகுதியாகும். இது நலம் பெறுவதன் அறிகுறி. ஆனால் வறிய குடும்பங்களில் இக்கட்டமே கடினமானது: நோயாளி தம் பங்கைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதும், தாய் தம் பங்கை நோயாளிக்குக் கொடுப்பதும் வழக்கம். இரண்டுமே ஆபத்தானவை. உணவில்லாத நாளிலும் காசநோய் மாத்திரையைத் தவிர்க்கக் கூடாது. வெறும் வயிற்றில் குமட்டல் இருந்தால் சிறிது கஞ்சியுடன் உட்கொள்ளலாம். விலை உயர்ந்த சத்துமாவு தேவையில்லை. முட்டை, பருப்பு, கொண்டைக்கடலை, நிலக்கடலை ஆகியவை போதும். உண்ணும் தட்டின் வழியாக இந்நோய் பரவாது. நோயாளிக்குத் தனித்தட்டு வைக்க வேண்டியதில்லை.

நிக்ஷய் போஷண் யோஜனா திட்டத்தின்கீழ், சிகிச்சைக் காலம் முழுவதும் மாதம் 1,000 ரூபாய் வீதம் நோயாளியின் வங்கிக் கணக்கில் செலுத்தப்படுகிறது. 2024 நவம்பருக்கு முன் இது 500 ரூபாயாக இருந்தது. தனியார் மருத்துவமனையில் சிகிச்சை பெறுவோரும், நோய் பதிவு செய்யப்பட்டிருந்தால், இதற்குத் தகுதியுடையவர்கள். பணம் வராவிடில், வங்கிக் கணக்கு விவரம் சரியாகப் பதிவாகியுள்ளதா என்று அரசு மருத்துவமனையின் காசநோய்ப் பிரிவில் கேளுங்கள்.

தமிழ்நாட்டில் 2022 முதல் ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ நடைமுறையில் உள்ளது. இதன்படி, நோய் கண்டறியப்பட்டதும் உயரம், எடை, கால் வீக்கம், மூச்சின் வேகம், இரத்த ஆக்சிஜன் அளவு, தாங்கலின்றி நிற்கும் திறன் ஆகியவை பார்க்கப்படுகின்றன. நிலைமை கடுமையானதாயின் மருத்துவமனையில் சேர்த்துச் சிகிச்சை அளிக்கப்படும். கூலி போய்விடுமே என்று இதை மறுக்காதீர்கள். மிகவும் மெலிந்தவர்களுக்குச் சிகிச்சையின் தொடக்க வாரங்களே உயிருக்கு ஆபத்தானவை.

உதவிக்கு: 1800-11-6666 (கட்டணமில்லா எண்).