ஐஸும் ஹியூகினும்: காசில்லாமல் பனோரமா ஒட்ட இரண்டு வழிகள்

செஞ்சிக் கோட்டையில் ராஜகிரி உச்சியில் நின்று, கேமராவை இடமிருந்து வலமாகத் திருப்பிப் பத்துப் படம் எடுத்தால், அவற்றை ஒட்டித்தர எந்த மென்பொருளும் போதும். எதிரே கிருஷ்ணகிரி, கீழே வயல்கள், அப்பால் அடிவானம். எல்லாமே தூரத்தில் இருப்பதால் கேமரா நாலு விரற்கடை நகர்ந்தாலும் படத்துக்குப் படம் முரண் தெரியாது. அதே கேமராவோடு மதுரைத் திருமலை நாயக்கர் மகாலுக்குள் போனால் நிலைமை வேறு. கைக்கெட்டும் தூரத்தில் ஒரு தூண், அதற்குப் பின்னால் வரிசையாகத் தூண்கள். கேமரா கொஞ்சம் நகர்ந்தாலே முன்தூண் பின்தூணை வேறோர் இடத்தில் மறைக்கும். ஒட்டிய படத்தில் தூண் இரண்டாகப் பிளந்து நிற்கும். மென்பொருளைத் தேர்ந்தெடுக்குமுன் நாம் எடுக்கப்போவது இந்த இரண்டில் எந்த வகை என்று முடிவு செய்துகொள்வது நல்லது. விலையை அதற்குப் பிறகு பார்க்கலாம்.

தொழில்முறைக்காரர்கள் பலர் பிடிகுய் என்ற மென்பொருளை வாங்குகிறார்கள். கொடுக்கும் பணத்துக்கு அது தகும். ஆனால் ஆண்டுக்கு நாலைந்து பனோரமா எடுக்கும் ஒருவருக்கு அந்தச் செலவு தேவையில்லை. அவருக்கு முன்னால் காசில்லாத இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவு 2008இல் வெளியிட்ட இமேஜ் காம்போசிட் எடிட்டர், சுருக்கமாக ஐஸ். மற்றொன்று, 2003இல் தொடங்கி இன்றும் தன்னார்வலர்கள் வளர்த்துவரும் ஹியூகின்.

ஐஸின் பலம் அதன் எளிமை. படங்களை இழுத்துப் போட வேண்டும், ஒட்டச் சொல்ல வேண்டும், ஓரத்தை வெட்டிச் சேமிக்க வேண்டும். 2015இல் வந்த இரண்டாம் பதிப்பு வீடியோவிலிருந்தே காட்சிகளை எடுத்து ஒட்டும். பெரிய நிலவரைபடத்தைத் துண்டு துண்டாக ஸ்கேன் செய்தவர்களுக்கும், நீளமான சுவரோவியத்தைப் பக்கவாட்டில் நடந்துகொண்டே எடுத்தவர்களுக்கும் அதில் தனி வசதி உண்டு. கேமரா ஓரிடத்தில் நின்று சுழன்றதா, தளத்துக்கு இணையாக நகர்ந்ததா என்று தேர்ந்தெடுத்தால் போதும். இந்த வேலையை ஹியூகினிலும் செய்யலாம், ஆனால் நிறையக் கற்றுக்கொண்ட பிறகுதான். தட்டையான பரப்பை ஒட்டுவதில் என் ஓட்டு ஐஸுக்கே.

ஆனால் ஐஸ் தவறாக ஒட்டிவிட்டால் நாம் செய்யக்கூடியது மிகக் குறைவு. எந்தப் புள்ளியை எந்தப் புள்ளியோடு பொருத்தியது என்று அது காட்டாது. ஹியூகினின் அடிப்படையே அதைக் காட்டுவதுதான். இரண்டு படங்களிலும் ஒரே இடத்தைக் குறிக்கும் புள்ளி இணைகளை, கண்ட்ரோல் பாயிண்டுகளை, அது தானாகவே தேடி வைக்கிறது. கணக்குப் போட்ட பிறகு ஒவ்வோர் இணையும் எத்தனை பிக்சல் விலகியிருக்கிறது என்று அட்டவணையில் சொல்கிறது. மேகத்தில் விழுந்த புள்ளிகள்தான் பெரும்பாலும் தொல்லை தரும். அடுத்த படம் எடுப்பதற்குள் மேகம் நகர்ந்திருக்கும். அவற்றை நீக்கத் தனிக் கருவியே இருக்கிறது. கல்லிலும் சுதையிலும் விழுந்த புள்ளிகளை வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்தால், பிளந்த தூண் பெரும்பாலும் ஒன்றுசேரும்.

இதைவிட நான் மதிப்பது நேர்க்கோட்டு வசதி. ஒரு தூணின் விளிம்பில் மேலே ஒரு புள்ளி, கீழே ஒரு புள்ளி வைத்து, இது செங்குத்து என்று ஹியூகினிடம் சொல்லலாம். இரண்டு மூன்று தூண்களுக்கு இப்படிச் செய்துவிட்டால் கட்டடம் நிமிர்ந்து நிற்கும். படத்துக்குள் யாராவது நடந்து வந்திருந்தால், அந்த உருவத்தைச் சுற்றிக் கோடு போட்டு, இந்தப் பகுதி வேண்டாம் என்று ஒதுக்கிவிடலாம். அதே இடம் அடுத்த படத்தில் வெறுமையாக இருந்தால் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். கூட்டம் ஓயாத கோயில் பிராகாரத்தில் எடுப்பவர்களுக்கு இந்த ஒரு வசதிக்காகவே ஹியூகினைச் சொல்வேன்.

ஐஸின் இரண்டாம் பதிப்பில் பலரும் புகழ்ந்த ஒன்று உண்டு: ஒட்டிய படத்தின் ஓரங்களில் விடுபட்ட இடங்களை அதுவே நிரப்பிவிடும். வானத்துக்கும் புல்வெளிக்கும் அது பரவாயில்லை. சிற்பமோ கல்வெட்டோ உள்ள சுவரில் அதை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். அங்கே இல்லாத கல்லை அது வரைந்துவிடும். பிறகு பார்ப்பவருக்கு எது உண்மை, எது நிரப்பல் என்று தெரியாது. ஆவணத்துக்காக எடுக்கும் படத்தில் கறுப்பு ஓரம் அப்படியே இருக்கட்டும்.

இனி இந்த மென்பொருள்களின் ஆயுள். ஹியூகினின் வேர் பனோரமா டூல்ஸ். ஜெர்மனியில் ஃபுர்ட்வாங்கனில் பேராசிரியராக இருந்த ஹெல்முட் டெர்ஷ் 1998இல் எழுதி இலவசமாகக் கொடுத்தது. மீன்கண் லென்ஸ் படங்களை விரிக்கும் முறைக்குத் தன்னிடம் காப்புரிமை உண்டு என்று ஐபிக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் மிரட்டியது. டெர்ஷ் விநியோகத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. ஆனால் நிரல் ஏற்கெனவே பொது உரிமத்தில் வெளியே வந்திருந்ததால் மற்றவர்கள் அதை எடுத்து வளர்த்தார்கள். பிடிகுய்யும் அதே பனோரமா டூல்ஸுக்கு முகப்பாகத்தான் தொடங்கியது. ஐஸுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மைக்ரோசாஃப்ட் அதை மேம்படுத்துவதை நிறுத்தியது. பிறகு தன் தளத்திலிருந்தே எடுத்துவிட்டது. நிரல் மூடியது என்பதால் வேறு யாரும் தொடர முடியவில்லை. காசு கொடுத்தால் இந்தக் கவலை தீரும் என்றும் சொல்ல முடியாது. கோலோர் நிறுவனத்தின் ஆட்டோபனோ என்ற ஒட்டு மென்பொருளைப் பணம் கட்டி வாங்கியவர்கள் எத்தனையோ பேர். 2015இல் கேமரா நிறுவனமான கோப்ரோ அந்த நிறுவனத்தை வாங்கியது, 2018இல் மூடியது.

ஆகவே விண்டோஸ் கணினியில் ஏற்கெனவே ஐஸ் இருந்தால் அழிக்காதீர்கள். மலைக்காட்சிக்கும் வரைபடத்துக்கும் அதுவே விரைவு. இல்லாதவர்கள் முகம் தெரியாத தளங்களில் அதன் பிரதியைத் தேடி இறக்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கூடவே என்ன வருகிறது என்று தெரியாது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும் ஹியூகினில் அந்த நேரத்தைச் செலவிடலாம். அதன் எளிய முகப்பில் மூன்றே பொத்தான்கள்: படங்களை ஏற்று, பொருத்து, உருவாக்கு. முதல் வாரம் இதற்கு மேல் போக வேண்டியதில்லை.

எந்த மென்பொருளானாலும் எடுக்கும்போதே கவனித்தால் பாதி வேலை குறையும். ஒவ்வொரு படமும் முந்தையதோடு கால்பங்குக்கு மேல் மேற்பொருந்த வேண்டும். எக்ஸ்போஷரையும் வெள்ளைச் சமநிலையையும் கையால் ஒரே அளவில் நிலைநிறுத்திவிடுங்கள். கேமராவைத் திருப்பும்போது உடலைச் சுற்றி வீசாமல், லென்ஸ் இருந்த இடத்திலேயே இருக்கும்படி நீங்கள் அதைச் சுற்றி நகருங்கள். மகால் போன்ற உட்புறங்களை ஹியூகினில் ஏற்றும்போது பனினி என்ற வீழ்ப்பை, அதாவது அகன்ற காட்சியைத் தட்டையான படமாக விரிக்கும் முறையை, போட்டுப் பாருங்கள். ரோமாபுரிக் கட்டடங்களின் உட்புறங்களை வரைந்த 18ஆம் நூற்றாண்டு இத்தாலிய ஓவியரின் பெயர் அது. சாதாரண வீழ்ப்பில் 120 பாகையைத் தாண்டினாலே ஓரத்துத் தூண்கள் விகாரமாக அகலும். பனினியில் 150 பாகை வரைகூடத் தூண்கள் நேராகவும் இயல்பான பருமனோடும் நிற்கும்.