பருத்தித்துறையிலிருந்து லெம்பா பந்தாய் வரை: எலியேசர் கணிதம் கற்ற வழி

கிறிஸ்டி ஜெயரத்தினம் எலியேசர் 1918 ஜூன் 12 அன்று இலங்கைத் தமிழ்க் குடும்பம் ஒன்றில் பிறந்தார். பள்ளிப் படிப்பு யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியில். வெஸ்லியன் மெதடிஸ்ட் மிஷன் 1838-இல் தொடங்கிய அந்தப் பள்ளிக்கு ஹாட்லி என்ற பெயர் 1916-இல் வந்தது. யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளிகள் ஆங்கிலத்தையும் கணக்கையும் அழுத்தமாகக் கற்பித்தன. மேல் வகுப்புகளுக்கு இங்கிலாந்துத் தேர்வுகளே அளவுகோல். கேள்வித்தாள் கப்பலில் வரும். விடைத்தாளும் கப்பலேறிப் போய்த்தான் திருத்தப்படும்.

இதே படிப்பை நம்பித்தான் முந்தைய தலைமுறை மலாயாவுக்குக் கப்பலேறியது. 1886-இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் நோக்கி இரயில் ஓடத் தொடங்கியது. பாதைகள் பெருகப் பெருக, ஆங்கிலத்தில் கணக்கு எழுதத் தெரிந்தவர்கள் தேவைப்பட்டார்கள். யாழ்ப்பாணத்துக் கிராணிமாரும் (எழுத்தர்களும்) ஸ்டேஷன் மாஸ்டர்களும் வந்து கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் குடியேறினார்கள். ஸ்காட் ரோடு கந்தசுவாமி கோயில் அவர்கள் எழுப்பியதே.

எலியேசரோ கணக்கின் மறு கரைக்குப் போனார். கொழும்பில் 1921-இல் தொடங்கப்பட்ட இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரியில் கணிதம் பயின்றார். அக்கல்லூரி சொந்தமாகப் பட்டம் வழங்கவில்லை. மாணவர்கள் லண்டன் பல்கலைக்கழகத் தேர்வை எழுதினார்கள். அடுத்து கேம்பிரிட்ஜின் கிறைஸ்ட்ஸ் கல்லூரி. அங்கே நோபல் பரிசு பெற்ற பால் டிராக்கிடம் ஆய்வு மாணவரானார்.

முடுக்கம் பெறும் எலெக்ட்ரான் கதிர்வீச்சை உமிழும். அதன் எதிர்விளைவு எலெக்ட்ரானின் ஓட்டத்தையே பாதிக்கும். இதையும் சேர்த்து டிராக் 1938-இல் ஒரு சமன்பாட்டை அமைத்திருந்தார். எலியேசர் அதற்கு மிக எளிய சோதனை ஒன்றை வைத்தார்: ஓர் எலெக்ட்ரான் நேர்கோட்டில் புரோட்டானை நோக்கிச் செல்கிறது. எதிரெதிர் மின்னூட்டங்கள் ஒன்றையொன்று ஈர்க்கும் என்பதால் இரண்டும் மோத வேண்டும். சமன்பாடு சொன்னதோ வேறு. எலெக்ட்ரான் வழியிலேயே நின்று, திரும்பி, வேகம் கூடிக்கொண்டே விலகி ஓடுகிறது. 1943-இல் வெளியான இந்த முடிவு, ஆசிரியரின் சமன்பாட்டில் இருந்த சிக்கலை மாணவர் வெட்டவெளிச்சமாக்கியதாக அமைந்தது. எலியேசர் தேற்றம் என்ற பெயர் அதற்கு நிலைத்தது.

நாடு திரும்பியவர் 1949 முதல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராக இருந்தார். 1959-இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் கோலாலம்பூர் பிரிவு தொடங்கியபோது, அங்கே பேராசிரியராக வந்து சேர்ந்தார். அப்போதைய துணைவேந்தர் அலெக்சாண்டர் ஓப்பன்ஹைமும் கணிதவியலர்தான். வளாகம் அமைந்த லெம்பா பந்தாய், பிரிக்பீல்ட்ஸிலிருந்து பங்சாரைத் தாண்டினால் வந்துவிடும். முன்னோர் கணக்கெழுத வந்த ஊருக்கு, அரை நூற்றாண்டுக்கும் மேல் கழித்து, அதே மிஷன் படிப்பில் வளர்ந்தவர் உயர்கணிதம் கற்பிக்க வந்தார். வெக்டர் பகுப்பாய்வு பற்றிய அவருடைய பாடநூல் 1963-இல், இந்தக் கோலாலம்பூர் காலத்தில் வெளிவந்தது.

1968-இல் மெல்பர்னின் லா ட்ரோப் பல்கலைக்கழகத்துக்கு மாறிய எலியேசர், 2001-இல் காலமானார்.