சுழலும் அலகின் கதை



இலக்கியத் தொடரிலே சமையலறைச் சாதனமொன்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன் என்றால் உங்களிற் சிலர் முகஞ்சுளிக்கக் கூடும். ஆனால், அம்மியும் உரலும் நம்முடைய பேச்சிலும் பழமொழியிலும் இடம்பெறலாமென்றால் அவற்றின் வேலையை எடுத்துக்கொண்ட இயந்திரத்துக்கும் ஒரு வரலாறு இருக்கத்தான் வேண்டும். அந்த வரலாற்றைத் தேட வேண்டிய தேவை எனக்குக் கடந்த ஆண்டில் ஏற்பட்டது.

என் தாயாருக்கு வயது எண்பத்து நான்கு. பற்கள் யாவும் போய்விட்டன. கட்டிய பல்லும் ஒத்துவரவில்லை. எட்டு மாதங்களில் ஆறு கிலோ எடை குறைந்துவிட்டார். பழம், பால், தயிர் ஆகியவற்றை நன்றாக அடித்துக் குடிக்கக் கொடுக்கும்படி வைத்தியர் சொன்னார். ஆயுள் முழுவதும் அம்மியில் அரைத்த கை அவருடையது. அரைத்ததைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வைத்துத் தேய்த்துப் பார்த்து, ‘மை’ என்றால் மட்டுமே வழித்தெடுப்பார். அந்த அளவுகோல் இன்னும் மாறவில்லை. ஒரு தும்பு நாக்கில் பட்டாற் போதும், குவளையை ஒதுக்கி வைத்துவிடுவார். அன்றைய ஆகாரமும் அத்தோடு முடிந்தது.

புறக்கோட்டைக்குப் போய் ஒரு பிளெண்டர் வாங்கி வந்தேன். கடைக்காரர் ‘வாட்ஸ், வாட்ஸ்’ என்றே பேசினார். நானும் பெரிய எண்ணைப் பார்த்து மயங்கினேன். மூன்றே கிழமைகளில் அடியிலிருந்த றப்பர் வளையம் கசியத் தொடங்கியது. பப்பாசி கட்டிகட்டியாக நின்றது. கருகிய மணம் வேறு. மாற்று வளையம் கேட்டுப் போனால், “அதெல்லாம் தனியாக வராது, புதிசு வாங்குங்கோ” என்றார்கள். அப்போதுதான் இந்த இயந்திரம் யாரால், எதற்காக ஆக்கப்பட்டது என்று அறியும் எண்ணம் வந்தது.

கதை தொடங்கும் ஊர் ஐக்கிய அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்திலுள்ள ரசீன். அந்த ஊரின் பெயர் நமக்குப் புதிதாயினும் அதன் பண்டம் புதிதல்ல. காய்ச்சலில் படுத்தெழுந்த நாட்களில் நம் வீடுகளிலே கரைத்துத் தரப்பட்ட ஹோர்லிக்ஸ் வளர்ந்த ஊர் அதுதான். இங்கிலாந்திலிருந்து சென்ற ஜேம்ஸ், வில்லியம் ஹோர்லிக் என்னும் சகோதரர்கள் 1873 இல் சிக்காகோவில் தொழிலை ஆரம்பித்துப் பின்னர் ரசீனுக்கு மாறினார்கள். 1883 இல் மோல்ட் கலந்த பால்மாவுக்குக் காப்புரிமை பெற்றார்கள். நோயாளருக்கும் குழந்தைகளுக்குமாக வந்த அந்த மா, நாளடைவில் அமெரிக்கச் சோடாக் கடைகளின் விருப்பமான பானமாயிற்று. மாவைக் கட்டியின்றிக் கரைக்க வேண்டும் என்ற சிறு தேவையிலிருந்தே நமது இயந்திரம் பிறந்தது.

அதே ஊரில் 1910 அளவில் செஸ்ரர் பீச், எல்.எச். ஹமில்ற்றன் ஆகிய இருவரும் பிரெட்ரிக் ஒசியஸ் என்பவரோடு சேர்ந்து ஒரு கொம்பனியை அமைத்தனர். மின்சாரம் நேரோட்டமாயினும் ஆடலோட்டமாயினும் மிக வேகமாகச் சுழலக்கூடிய ஒரு சிறு மோட்டாரே அவர்களுடைய மூலதனம். இன்றும் பிளெண்டர்களிற் பெரும்பாலானவற்றின் வயிற்றில் இருப்பது அந்த இன மோட்டார்தான். அது போடும் கூச்சலும், அதன் காபன் துண்டுகள் தேயும்போது எழும் மணமும் அதன் பரம்பரைக் குணங்கள்.

அவர்கள் செய்த பானக் கலக்கியில் தண்டு மேலிருந்து குவளைக்குள் இறங்கியது. அதனைத் தலைகீழாக்கியவர், சிறுவயதிலேயே போலந்திலிருந்து வந்து ரசீனில் வாழ்ந்த ஸ்ரீபன் பொப்லாவ்ஸ்கி. சுழலும் அலகைக் குவளையின் அடியிலே பொருத்தி 1922 இல் அதற்குக் காப்புரிமை கோரினார். பார்வைக்கு இது சிறு மாற்றம். ஆனால், மேலிருந்து இறங்கும் கோல் திரவத்தைக் கலக்க மாத்திரமே வல்லது. அடியிலிருக்கும் அலகோ, மேலிருப்பதைத் தன்னிடம் இழுத்து வெட்டவும் செய்யும். கலக்கி, அரைப்பான் ஆகியது இந்த இடத்திலேதான். கூடவே ஒரு சங்கடமும் பிறந்தது. குவளையின் அடியைத் துளைத்துச் செல்லும் தண்டு சுழலவும் வேண்டும், திரவம் ஒழுகவும் கூடாது. என் வீட்டில் கசிந்த றப்பர் வளையத்தின் பிரச்சினை அந்நாளிலேயே உருவானதுதான்.

இனி வருவது வானொலி நேயர்களுக்கு உவப்பான பகுதி. பிரெட் வேரிங் என்பவர் ‘பென்சில்வேனியன்ஸ்’ என்ற இசைக்குழுவின் தலைவர், வானொலியால் நாடறிந்தவர். கல்லூரியில் கட்டடப் பொறியியல் படித்தவராதலால் இயந்திரங்களில் நாட்டமும் உண்டு. 1936 இல் நியூயோர்க்கின் வண்டர்பில்ற் அரங்கில் அவருடைய ஒலிபரப்பு முடிந்த வேளையில், மேற்சொன்ன ஒசியஸ் தாம் திருத்திய இயந்திரத்தோடு அவரைத் தேடிச் சென்றார். வேரிங் அதிலே ஏறத்தாழ 25,000 டொலர் செலவிட்டார். 1937 இல் சிக்காகோவில் நடந்த உணவகக் கண்காட்சியில் ‘மிரக்கிள் மிக்சர்’ என்ற பெயரில் அது அறிமுகமாயிற்று. விலை 29.75 டொலர். அடுத்த ஆண்டில் அது வேரிங்கின் பெயரைத் தாங்கியது. 1954 இல் பத்து இலட்சமாவது இயந்திரம் விற்பனையானது. பாடகர் குழுத் தலைவர் ஒருவரின் பெயர் சமையலறையில் நிலைத்தது இவ்வாறுதான்.

அந்தப் பழைய வேரிங் குவளையைப் படத்திலே பார்த்தவர்கள், அதன் கண்ணாடிச் சுவர் பூவிதழ் போல நெளிந்திருப்பதைக் கவனித்திருப்பார்கள். அது அழகுக்காக மாத்திரம் ஆனதன்று. வழுவழுப்பான உருளைக் குவளையிலே அலகு சுழன்றால் திரவமும் அதனோடு சேர்ந்து சுற்றும். பழத்துண்டு ஊர்வலம் வருமேயன்றி அலகிலே படாது. சுவரில் நெளிவோ விளிம்போ இருந்தால், சுற்றிவரும் திரவம் அதில் மோதி நடுவுக்குத் திரும்பி, அங்குள்ள சுழியிலே இறங்கி, மீண்டும் அலகை அடையும். கலவை மிகத் தடிப்பாயின் அலகைச் சுற்றி ஒரு காற்றுக்குழி உண்டாகும். மோட்டார் எத்தனை வாட்ஸ் ஆயினும் அலகு வெறுங்காற்றையே வெட்டிக்கொண்டிருக்கும். வாட்ஸ் என்பது இயந்திரம் உண்ணும் மின்சாரத்தின் கணக்கு. அது தரும் பதத்தின் கணக்கன்று.

நீரின் பங்கு எத்தகையது என்பதற்கு விஞ்ஞான வரலாற்றிலே ஓர் அரிய சான்று உண்டு. 1952 இல் அல்பிரெட் ஹேர்ஷி, மார்த்தா சேஸ் என்ற இருவர், பக்ரீரியாக்களைத் தாக்கும் வைரஸ்களை ஆராய்ந்தனர். வைரஸின் புரத உறைக்குக் கதிரியக்கக் கந்தகத்தாலும், அதன் டி.என்.ஏ.க்குக் கதிரியக்கப் பொஸ்பரசாலும் அடையாளமிட்டு, பக்ரீரியாவைத் தாக்கவிட்டு, பின்னர் அந்தக் கலவையைப் பிளெண்டரில் சுழற்றினார்கள். வெளியே ஒட்டியிருந்த உறைகள் கழன்று நீரோடு போயின. பொஸ்பரசின் பெரும்பகுதி பக்ரீரியாவுக்குள்ளே தங்கியது. பரம்பரைச் செய்தியைச் சுமப்பது புரதமன்று, டி.என்.ஏ. என்ற முடிவுக்கு அந்தச் சமையலறைச் சாதனம் வலுச்சேர்த்தது. ஹேர்ஷி 1969 இல் நொபெல் பரிசைப் பகிர்ந்து கொண்டார். மார்த்தா சேஸின் பெயர் அதில் இடம்பெறவில்லை. அலகு நேரே தொடாததையும் வேகமாக ஓடும் திரவத்தின் இழுவை கழற்றிவிடும் என்பதே இப்பரிசோதனையில் நான் என் சமையலறைக்காக எடுத்துக்கொண்ட பாடம். மையாக்குவதில் பாதி வேலை நீருடையது.

‘ஸ்மூதி’ என்ற பெயரை அமெரிக்காவில் பரப்பியோருள் லூசியானாவின் ஸ்ரீவ் கூனோ ஒருவர். பால் ஒத்துக்கொள்ளாத அவர், பழங்களை அடித்துக் குடிக்கப் பழகி, 1973 இல் அதற்கெனவே ஒரு கடையைத் திறந்தார். எனவே இதுவும் உடல் நலிந்தவருக்கான பானமாகத் தொடங்கியதே.

நம் பக்கத்து வரலாறு வேறு வழியில் வந்தது. 1960களில் பம்பாயில் சத்ய பிரகாஷ் மாத்தூர் என்ற பொறியியலாளரின் மனைவி மாதுரியிடம் ஜேர்மன் மிக்சர் ஒன்று இருந்தது. அரைப்பு வேலை தாங்காமல் அது பழுதாயிற்று, திருத்துவதற்கும் வழியில்லை. அதன் விளைவாக அவர் உருவாக்கியதே ‘சுமீத்’ மிக்சி. உலர்ந்த மல்லியையும் மஞ்சளையும் தேங்காயையும் அரைப்பதற்கான வலிய மோட்டார், உருக்குச் சாடி, தாழ்ந்த அலகு என்பன அதன் இலக்கணம். ஆகவே பிளெண்டரும் மிக்சியும் ஒன்றல்ல. ஒன்று பானக்கடையிலே பிறந்தது. மற்றது அம்மிக்கு வாரிசாக வந்தது. மிக்சியின் பெரிய சாடியிலும் பழம் அடிக்கலாம்தான். எனினும் தும்பில்லாத பானமே அன்றாடத் தேவையாயின் பானக்கடைப் பரம்பரையையே நாட வேண்டும்.

இவ்வளவும் அறிந்தபின் இரண்டாவது முறை கடைக்குப் போனேன். இம்முறை வாட்ஸைக் கடைசியாகவே கேட்டேன். குவளையின் உட்சுவரில் விளிம்புகள் உண்டா, அடி அலகை நோக்கி ஒடுங்குகிறதா, மூடியிலே ஓடவிட்டபடியே நீர் ஊற்றத் துளை உண்டா, ஒரே மூச்சில் எத்தனை நிமிடம் ஓடலாம், அலகைக் கழற்றிக் கழுவலாமா என்றெல்லாம் விசாரித்தேன். றப்பர் வளையமும் காபனும் தனியாகக் கிடைக்குமா என்பதுதான் முதற் கேள்வி. “கிடைக்கும்” என்றவரிடம், “அப்படியானால் இப்போதே இரண்டு வளையம் தாருங்கள்” என்று கேட்டு வாங்கினேன். விலை நடுத்தரம்.

முதலில் தயிரும் சிறிது நீரும், அதன்மேல் பப்பாசித் துண்டுகள், கடைசியில் ஒரு கதலி. மெதுவாகத் தொடங்கி, சுழி தெரிந்தபின் வேகத்தைக் கூட்டினேன். ஒரு நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, ஆறவிட்டு, மீண்டும் ஒருமுறை. கறுத்தக்கொழும்பான் காலம் வந்தபோது மாம்பழமும் சேர்ந்தது. கடந்த மாதம் நிறுத்துப் பார்த்தோம். தாயாருக்கு இரண்டு கிலோ கூடியிருந்தது.

அந்த முதல்நாள் குவளையை நீட்டியபோது அவர் உடனே குடிக்கவில்லை. ஒரு துளியை விரலிலே தொட்டு, பெருவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்தார். பிறகு, “மைதான்” என்று சொல்லிக் குவளையை வாங்கிக் கொண்டார்.