தீவிரவாதி வேறு, பயங்கரவாதி வேறு

'தீவிரவாதி', 'பயங்கரவாதி' இரண்டையும் இன்று ஒரே பொருளில்தான் புழங்குகிறோம். எனக்கு இரண்டும் ஒன்றல்ல.

தீவிரவாதி மூத்த சொல். 1907 சூரத் காங்கிரஸ் பிளவைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். கோகலே மிதவாதி, திலகர் தீவிரவாதி. நம்ம வ.உ.சி.யும் பாரதியும் திலகர் பக்கம். அந்த ஆண்டு ஜனவரியில் கல்கத்தாவில் பேசிய திலகர், இந்தப் பெயர்களெல்லாம் காலத்தைப் பொறுத்தவை, இன்றைய தீவிரவாதி நாளைக்கு மிதவாதியாகிவிடுவான் என்றார். பலித்துவிட்டது. 1908இல் சிறைக்குப் போன வ.உ.சி.யின் பெயரில் இன்று தூத்துக்குடியில் துறைமுகமே இருக்கிறது.

சரி, அதுக்கும் கோடியக்கரைக்கும் என்ன சம்பந்தம்? பயங்கரவாதி என்ற சொல் எப்படி ஒட்டிக்கொள்கிறது என்பதை அந்தக் கரையில் பார்க்கலாம். 1980களில் ஈழத்திலிருந்து ராவோடு ராவாகப் படகில் வந்திறங்கியவர்களை யாழ்ப்பாணத்தார் 'பெடியள்' என்றார்கள். இங்கே 'இயக்கத்துப் பசங்க'. மேடைகளில் 'போராளிகள்'. 1991 மே 1 அன்று சிவராசனின் குழுவும் இதே கரையில்தான் இறங்கியது. மே 21, ஸ்ரீபெரும்புதூர். ராஜீவ் காந்தியோடு காவலர்களும் பொதுமக்களும் செத்தார்கள். அடுத்த மே மாதம் புலிகளுக்குத் தடை. பழைய பெயர்கள் எல்லாம் போய், 'பயங்கரவாதி' மட்டும் மிஞ்சியது. கரையில் உதவியவர்களும் விசாரணைக்குப் போனார்கள்.

1998 ஜனவரியில் தடா நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. 1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் ஏழு பேர் மீதான கொலைச் சதிக் குற்றத்தை உறுதிசெய்தது. நால்வருக்குத் தூக்கு, மூவருக்கு ஆயுள். மற்ற 19 பேர் வெளியே வந்தார்கள். ஆனால் தடாச் சட்டத்தின்படி இது பயங்கரவாதச் செயல் ஆகாது என்றது. அரசைப் பணியவைக்கும் நோக்கமோ மக்களிடம் பீதி பரப்பும் நோக்கமோ நிரூபிக்கப்படவில்லையாம்.

நாடே பயங்கரவாதம் என்று சொன்ன கொலைக்குச் சட்டம் அந்தப் பெயரைத் தரவில்லை! இதில் உங்களுக்குக் கோபம் வரலாம். ஆனால் கொலையைக் கொலை என்று தண்டிக்க அந்தச் சொல் தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள்.

தீவிரம் என்பது ஒருவர் தன் கருத்தில் எவ்வளவு தூரம் போகிறார் என்ற கணக்கு. பயங்கரம் என்பது அச்சத்தையே ஆயுதமாக்கும் வழி. முன்னதற்குக் காலம் மன்னிப்புத் தரலாம், துறைமுகமும் தரலாம். பின்னதற்கு நோக்கத்தை நிரூபிக்க வேண்டும். ரெண்டையும் கலந்து கட்டிப் பேசினால், கருத்துச் சொன்னவனும் குண்டு வைத்தவனும் ஒரே கூண்டில் நிற்பார்கள்.